சுட்ட முயலுக்குச் சூடுதான் எதிரி: சிறு வேட்டைக் கறியைக் கையாள்வது எப்படி?

வேட்டைக் கறி என்று பேச்சு வந்தால், மூன்று விஷயங்களை அடித்துச் சொல்ல நம் பக்கம் யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார். காட்டு முயல் என்றால் வீச்சம் இருக்கத்தான் செய்யும். ரத்தம் முழுக்க வடியாவிட்டால் கறி கெட்டுவிடும். அடித்த கையோடு அடுப்பில் ஏற்றினால்தான் ருசி. மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் கறியைக் கெடுப்பது எது என்ற கேள்விக்கு மூன்றுமே தப்பான பக்கம் கை காட்டுகின்றன.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல், கௌதாரி, காட்டுக்காடை எதையும் வேட்டையாடக் கூடாது. ஆகவே இங்கே பேசப்போவது உரிமம் வாங்கி வேட்டைக்குப் போக அனுமதி உள்ள நாடுகளின் கதை. முக்கியமாக அமெரிக்காவின் நடு மேற்கு மாநிலங்களில் அடிக்கப்படும் பஞ்சுவால் முயல், இங்கிலாந்தில் அடிக்கப்படும் முயலும் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி இனப் பறவையும். அங்கே குடியேறி, துப்பாக்கி உரிமமும் எடுத்துவிட்டு, முதல் முயலைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். ஊரில் வளர்ப்பு முயலோ பண்ணைக் காடையோ அறுப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

சிறு வேட்டை என்பது முயல், அணில், ஃபெசன்ட், காடை, புறா, வாத்து போல ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய உயிர்களைக் குறிக்கும். மான், பன்றி எல்லாம் பெரு வேட்டை. அந்தக் கணக்கு வேறு.

உடம்புக்குள் அடைபட்ட சூடு

வடித்த சோற்றைச் சுடச்சுடத் தூக்குச்சட்டியில் அமுக்கி, மூடியையும் இறுக்கிவிட்டால் மத்தியானத்துக்குள் ஊசிப்போகும். அதே சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுக் கட்டினால் சாயங்காலம்வரை தாங்கும். சோறு ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். உள்ளே அடைபட்ட சூடும் ஈரமும்தான் வித்தியாசம்.

சுட்ட முயலும் அப்படித்தான். உயிரோடு இருந்தபோது அதன் உடம்பு கிட்டத்தட்ட 39 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தது. பறவைகளுக்கு இன்னும் அதிகம், 41 டிகிரியைத் தொடும். இதயம் நின்ற நொடியில் இந்தச் சூடு எங்கும் போய்விடாது. ரோமமும் இறகும் குளிரிலிருந்து காப்பதற்காகவே அமைந்தவை. உயிர் போன பிறகும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்து, சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன.

பாக்டீரியாக்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தை ஆபத்து மண்டலம் என்கிறார்கள். இந்த இடைவெளியில், அதிலும் உடல் சூட்டுக்கு அருகில், சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். மூன்று மணி நேரத்தில் ஐந்நூறைத் தாண்டும். அதே பாக்டீரியா 4 டிகிரிக்குக் கீழே போனால் சாவதில்லை, ஆனால் ஏறக்குறைய முடங்கிவிடும்.

சிறு வேட்டையில் ஒரு நல்ல விஷயம் உண்டு. உடம்பு சின்னது, எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். விட்டால் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் விட வேண்டுமே! அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் போடும் மேல்சட்டையில் முதுகுப் பக்கம் பெரிய பை ஒன்று இருக்கும். அடித்த முயல்களை ஒவ்வொன்றாக அதில் திணித்துக்கொண்டு நடப்பார்கள். நான்கு முயல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடப்பவரின் முதுகுச் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, மூன்று மணி நேரம் வெந்துகொண்டிருக்கும். அதைவிட மோசம் பிளாஸ்டிக் பை. இங்கிலாந்தில் பறவை வேட்டை நடக்கும் பண்ணைகளில் வண்டியில் கம்பிகள் பூட்டி, பறவைகளை இரண்டிரண்டாகக் கழுத்தில் கட்டி, இடையே காற்று போகும்படி தொங்கவிடுகிறார்கள். பார்க்க ஏதோ சடங்கு மாதிரி இருக்கும். விஷயம் காற்றோட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சுகாதார விதிகளும் விற்பனைக்கு வரும் சிறு வேட்டைக் கறியை 4 டிகிரிக்கு மேல் போகாமல் குளிர்விக்கச் சொல்கின்றன. மான் போன்ற பெரிய உடம்புக்கு 7 டிகிரி.

ஆக, முதல் எதிரி சூடு. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

முயலுக்கு ஏன் வயிற்றை முதலில் திறக்க வேண்டும்?

முயல் புல் தின்னும் பிராணி. ஆனால் ஆடு மாடு போல அசைபோடும் வயிறு அதற்கு இல்லை. அதற்குப் பதில் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. பெருங்குடல் வாய் என்று பெயர். நமக்கும் உண்டு, ரொம்பச் சின்னது. முயலுக்கோ அது வயிற்றுக்குழியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு கிடக்கும். தின்ற புல்லை நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும் இடம் அது.

முயல் செத்த பிறகும் அந்த நுண்ணுயிர்களுக்குச் செய்தி போய்ச் சேருவதில்லை. அவை வேலையைத் தொடர்கின்றன. வாயு சேர்கிறது, வயிறு உப்புகிறது. அந்த வாயுவில் இருக்கும் கந்தகச் சேர்மம் குடலுக்கு வெளியே கசிந்து, வயிற்றுச் சதையின் சிவப்பு நிறமியோடு சேரும்போது சதை பச்சையாக மாறும். நேரம் கழித்து வயிற்றைத் திறந்தால் விலாவுக்குக் கீழே ஒரு பச்சைத் திட்டு பரவியிருப்பதைப் பார்க்கலாம். 'காட்டு முயல் வீச்சம்' என்று நாம் பிராணியின் மேல் பழி போடும் நாற்றத்தில் பெரும்பங்கு இங்கிருந்து வருவதுதான். அதனால்தான் முயலுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் குடலை எடுத்துவிடு என்கிறார்கள். வெயில் காலமென்றால் அடித்த இடத்திலேயே.

இங்கே ஒரு குழப்பம் வரும். இங்கிலாந்தில் ஃபெசன்ட் பறவையைக் குடலோடும் இறகோடும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை தொங்கவிடுகிறார்களே, அது எப்படிக் கெடாமல் இருக்கிறது?

பறவையின் குடல் முயலுடையதைப் போலப் பெரிய புளிப்புத் தொட்டி அல்ல. தொங்கவிடும் அறை குளிர்ந்தது, காற்றோட்டமானது, ஈ நுழையாதபடி வலை அடித்தது. தோலும் இறகும் கிழியாமல் இருப்பதால் சதையில் காற்றும் ஈயும் படுவதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வழக்கம் செல்லும். குண்டு வயிற்றில் பட்டுக் குடல் கிழிந்த பறவையை அனுபவசாலிகள் தொங்கவிட மாட்டார்கள். அதை அன்றைக்கே சுத்தம் செய்துவிடுவார்கள். இதையே நம் ஊர் வெயிலில் செய்து பார்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹேர் என்று ஆங்கிலேயர் சொல்லும் பெரிய முயலையும் பழைய முறையில் குடலோடு பின்னங்காலில் தொங்கவிட்டு, நெஞ்சுக்கூட்டில் தேங்கும் ரத்தத்தைச் சேர்த்துக் குழம்பைக் கெட்டியாக்குவார்கள். அது குளிர்காலத்து ருசிக்காக வந்த பழக்கம். முதல் முயலைக் கையில் வைத்திருப்பவர் அங்கே போக வேண்டாம்.

கத்தி வேலை: மெதுவாகப் பார்ப்போம்

கையுறை முதலில். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சமையலறைக் கையுறை போதாது. மருத்துவமனையில் போடும் நைட்ரைல் கையுறை மலிவாகக் கிடைக்கும், அதுவே நல்லது.

முயலின் தலையை மேலே பிடித்து, கட்டைவிரலால் அடிவயிற்றை மேலிருந்து கீழாக அழுத்தி வழித்தால் மூத்திரப்பை காலியாகிவிடும். உங்கள் கால் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மல்லாக்கப் போட்டு, நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே தோலைக் கிள்ளித் தூக்க வேண்டும். தூக்கிய இடத்தில் மட்டும் ஒரு சின்ன வெட்டு. அந்த ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு, விரல்களுக்கு நடுவே கத்தியின் கூர்மை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, இடுப்பெலும்புவரை கிழித்துக்கொண்டு போகலாம். விரல்கள் குடலைக் கீழே அமுக்கிப் பிடித்திருக்கும், கத்தி தோலை மட்டும் அறுக்கும். புதிதாகச் செய்பவர்கள் கத்தி முனையைக் கீழ்நோக்கிக் குத்துவதால்தான் இரைப்பை ஓட்டையாகிப் பச்சைத் தண்ணீர் கறியெல்லாம் ஓடுகிறது.

வயிறு திறந்ததும் முயலைச் சாய்த்தால் இரைப்பையும் குடலும் தாமாகவே வெளியே சரியும். லேசாக இழுத்தால் போதும். உள்ளே ஒரு மெல்லிய தடுப்புச் சவ்வு தெரியும், உதரவிதானம். அதைக் கிழித்தால் இதயமும் நுரையீரலும் கைக்கு வரும். உறைந்த ரத்தம் பெரும்பாலும் இந்த நெஞ்சுக்கூட்டில்தான் கிடக்கும். ஈரலின் மடிப்பில் கரும்பச்சையாக ஒரு சின்னப் பை ஒட்டியிருக்கும். அது பித்தப்பை. அதைப் பிய்க்கக் கூடாது, ஒட்டியிருக்கும் ஈரல் துணுக்கோடு சேர்த்து அறுத்து எடுக்க வேண்டும். உடைந்தால் அந்தக் கசப்பை எந்த மசாலாவும் மறைக்காது.

ஈரலைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாக, ஒரே சீரான கருஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அந்த முயல் சமையலுக்கு வேண்டாம். மண்ணீரல் வீங்கிப் புள்ளி விழுந்திருந்தாலும் அதே பதில்தான்.

தோலை உரிப்பது முயலைப் பொறுத்தவரை ரொம்பச் சுலபம். முதுகின் நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கி, குறுக்கே ஓர் அங்குலம் வெட்டி, இரண்டு கை விரல்களையும் உள்ளே விட்டு எதிரெதிர்த் திசையில் இழுத்தால் ஒரு பாதி தலைப் பக்கமும் ஒரு பாதி கால் பக்கமுமாகக் கழன்று வரும். கத்தி தேவையே இல்லை, அவ்வளவு மெல்லிய தோல். அணில் இதற்கு நேர்மாறு. தோல் கெட்டியாக ஒட்டியிருக்கும். வாலுக்கு அடியில் வெட்டி, வாலைக் காலால் மிதித்துக்கொண்டு, பின்னங்கால்களைப் பிடித்து மேலே இழுக்கிறார்கள் அமெரிக்க வேட்டைக்காரர்கள். அதன் முடி கறியில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு, அதனால் உரிப்பதற்கு முன் ரோமத்தை நன்றாக நனைத்துவிடுவார்கள்.

முடி வெறும் அருவருப்பு விஷயம் இல்லை. மண், புழுக்கை, பாக்டீரியா எல்லாம் ரோமத்தில்தான் ஒட்டிக்கொண்டு வரும். ரோமத்தைப் பிடித்த கையாலேயே சதையைத் தொடுவதுதான் நடக்கும் பெரிய தப்பு. ஒரு கை தோலுக்கு, ஒரு கை கறிக்கு என்று பிரித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வீடு போய்ச் சேர நேரமாகும் என்றால் குடலை மட்டும் காட்டிலேயே எடுத்துவிட்டு, தோலை வீட்டில் உரிக்கலாம். தூசிக்கும் ஈக்கும் தோல்தான் உறை. ஆனால் வயிற்றைக் குச்சி வைத்து விரித்துக் காற்று படும்படி எடுத்துப் போக வேண்டும், இல்லையென்றால் முதலில் சொன்ன தூக்குச்சட்டிக் கதைதான்.

பறவைக்கு ஒரு வரி போதும். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைக் கிழியாமல் எடுங்கள், குடலை ஆசனவாய்ப் பக்கமாக வெளியே வாங்குங்கள், இறகைப் பிடுங்கிய பின் மிச்சமிருக்கும் மெல்லிய முடிகளை நாட்டுக்கோழிக்கு நாம் செய்வதுபோல நெருப்பில் வாட்டிவிடுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஆற விடுவது, குடலைக் கிழியாமல் எடுப்பது, ரோமத்தையும் சதையையும் சேரவிடாமல் வைப்பது. வீச்சம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஒன்று தவறியதால் வருவது.

சிவப்பாக வடிவது ரத்தமா?

பெரும்பாலும் இல்லை. கறியைத் தட்டில் வைத்தால் அடியில் சேரும் சிவப்புத் தண்ணீரில் இருப்பது மயோகுளோபின். தசைக்குள் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் ஒரு புரதம் அது. இரும்பு கலந்தது, அதனால் சிவப்பு. ரத்தம் ரத்தக்குழாயில் ஓடுவது, மயோகுளோபின் தசையிலேயே குடியிருப்பது. எவ்வளவு ரத்தம் வடித்தாலும் இது போகாது.

எந்தத் தசை நீண்ட நேரம் உழைக்கிறதோ அதில் மயோகுளோபின் அதிகம். அமெரிக்கப் பஞ்சுவால் முயலும் இங்கிலாந்து முயலும் ஆபத்து வந்தால் நான்கு தாவலில் புதருக்குள்ளோ வளைக்குள்ளோ ஓடி மறையும் ஜாதி. கறி கோழிக்கறி போல வெளுப்பாக இருக்கும். ஹேருக்கு வளை கிடையாது, வெட்டவெளியில் மைல் கணக்கில் ஓடியே தப்பிக்க வேண்டும். அதன் கறி கருஞ்சிவப்பு. நம் ஊர்க் காட்டு முயல் இந்த ஹேர் வகைதான். பறவையிலும் இதே விதி. ஃபெசன்ட் கொஞ்ச தூரம் பறந்து இறங்கிவிடும், அதன் நெஞ்சுக்கறி வெளுப்பு. கண்டம் விட்டுக் கண்டம் போகும் வாத்தின் நெஞ்சுக்கறி கறுப்பு. கறுப்பாக இருக்கிறதே, ரத்தம் வடியவில்லை போலிருக்கிறது என்று வாத்தை நாள் முழுக்க ஊறப்போடுவது வீண் வேலை.

உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது அமெரிக்கத் தென் மாநிலங்களில் பரவலான பழக்கம். குண்டு பட்ட இடத்தில் கன்றிப்போய்த் தேங்கிய ரத்தத்தை அது இழுத்துவிடும், கறி பார்க்க நன்றாக இருக்கும். அவ்வளவுதான் அதன் பலன். கெட்டுப்போன கறியை அது நல்ல கறியாக்காது.

சுடச்சுடச் சமைத்தால் ஏன் ரப்பராகிறது?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தசை என்பது இரண்டு வகைப் புரத இழைகளால் ஆனது. தசை சுருங்கும்போது ஒன்று மற்றொன்றைப் பற்றி இழுக்கும். தளரும்போது விட்டுவிடும். பற்றுவதற்கு இல்லை, விடுவதற்குத்தான் சக்தி வேண்டும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தச் சக்தியைத் தருவது ஏடிபி என்னும் மூலக்கூறு. உடம்பின் எல்லா வேலைக்கும் அதுதான் செலவுப் பணம்.

உயிர் போனதும் மூச்சு நிற்கிறது, ஆக்சிஜன் வருவதில்லை. ஆனால் தசை உடனே சாவதில்லை. தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பை ஆக்சிஜன் இல்லாமலேயே உடைத்துக் கொஞ்ச நேரம் ஏடிபி செய்துகொள்கிறது. அந்த வேலையில் கழிவாக வருவது லாக்டிக் அமிலம். அமிலம் சேரச் சேர, நடுநிலையில் 7 என்று இருந்த தசையின் அமிலத்தன்மை அளவு 5.5, 5.8 என்ற அளவுக்கு இறங்குகிறது. இந்த அளவில் எண் குறைந்தால் புளிப்பு கூடுகிறது என்று பொருள். இந்தப் புளிப்பு நமக்கு நல்லது, பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கும்.

கடைசியில் ஏடிபி தீர்ந்துபோகிறது. பற்றிய இழைகள் பற்றியபடியே பூட்டிக்கொள்கின்றன. முயல் கட்டையாகிறது. இதற்குப் பெயர் சாவு விறைப்பு. சின்ன உடம்புகளில் சில மணி நேரத்திலேயே இது தொடங்கிவிடும். இந்த நிலையில் அறுத்துச் சமைத்தால் எத்தனை விசில் விட்டாலும் ஒரு இழுவை இருக்கும்.

அப்புறம் என்ன ஆகிறது? தசைக்குள் இயல்பாகவே இருக்கும் நொதிகள், அதாவது புரதங்களை வெட்டும் வேலைக்கார மூலக்கூறுகள், மெதுவாக அந்த இழைகளின் பிணைப்புகளை அறுக்கத் தொடங்குகின்றன. விறைப்பு தளர்கிறது, கறி மெதுவாகிறது. ஏடிபி திரும்பி வந்து விடுவித்தது என்று நினைக்க வேண்டாம், பூட்டையே அறுத்துவிட்டார்கள். முயலுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றிலிருந்து இரண்டு நாள் போதும். குடல் எடுத்து, தோல் உரித்து, ஈரம் துடைத்து, காற்று படும்படி ஒரு தட்டில் வைத்து லேசாக மூடினால் சரி.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அறுத்த ஆட்டுக்கறியைப் பதினோரு மணிக்குக் குழம்பு வைத்துவிட்டு, 'ஆடு முற்றல், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று திட்டும் வீடுகள் உண்டு. ஆடு இளசாகவே இருந்திருக்கலாம். நேரம்தான் சரியில்லை. சூடு ஆறுவதற்குள், விறைப்பு தொடங்கும் முன்பே சமைத்துவிட்டால் கறி மெதுவாக இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி சிறு பிராணிகளில் ரொம்பக் குறுகியது. 'அடித்த கையோடு' என்ற பழைய வாக்கில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

நாய் துரத்திய முயலுக்கு இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் பீகிள் நாய்களை விட்டு முயலை ஓடவிடுவார்கள். பஞ்சுவால் முயல் தன் எல்லையை விட்டு வெகுதூரம் போகாமல் வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வரும், அங்கே துப்பாக்கியோடு ஒருவர் நிற்பார். வெகுநேரம் துரத்தப்பட்ட பிராணி கிளைக்கோஜனை உயிரோடு இருக்கும்போதே செலவழித்துவிடும். செத்த பிறகு புளிப்பதற்குச் சரக்கு இருக்காது. அமிலம் சேராத அந்தக் கறி கறுத்து, பிசுபிசுப்பாக இருக்கும், சீக்கிரம் கெடும். முதல் வட்டத்திலேயே விழுந்த முயலின் கறி மேல் என்று வேட்டைக்காரர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

சுருக்கமாக: விறைக்கும் முன் மெது, விறைத்தால் ரப்பர், தளர்ந்தபின் மறுபடி மெது. நமக்கு வசதியானது மூன்றாவது.

கையுறை எதற்கு: முயல் காய்ச்சல்

1911இல் கலிஃபோர்னியாவின் துலாரி கவுண்டியில் தரையணில்கள் பிளேக் போன்ற ஒரு நோயால் சாவதை ஜார்ஜ் மெக்காய் என்ற மருத்துவர் கவனித்தார். ஆனால் அது பிளேக் இல்லை. மறு ஆண்டில் அதன் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ஊரின் பெயரையே வைத்தார்கள். இன்று துலரீமியா என்கிறோம், மக்கள் வழக்கில் முயல் காய்ச்சல். எட்வர்ட் ஃபிரான்சிஸ் என்பவர் இதை மனிதருக்கு வரும் நோயாக வாழ்நாள் முழுக்க ஆராய்ந்ததால், பாக்டீரியாவின் இன்றைய பெயரான ஃபிரான்சிசெல்லா துலரென்சிஸில் அவரும் இருக்கிறார்.

பத்தே பத்து பாக்டீரியா போதும், நோய் வர. விரலில் ஒரு கீறல் இருந்தால் அந்த வழியாக நுழையும். மூன்று முதல் ஐந்து நாளில் காய்ச்சல், கீறிய இடத்தில் புண், அக்குளில் நெறிகட்டு. சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும், ஆனால் மருத்துவரிடம் 'முயல் உரித்தேன்' என்று நாமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். 1939இல் அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இது வந்தது. இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேர்தான், அதிலும் பலருக்கு உண்ணி கடித்து வருவது. மிசூரி, ஆர்கன்சா, ஓக்லஹோமா, கன்சாஸ் மாநிலங்களில் அதிகம்.

இதைச் சுற்றி ஒரு நம்பிக்கை உண்டு: முதல் கடும் உறைபனி விழுந்த பிறகு முயல் அடித்தால் பயமில்லை. முழுப் பொய் இல்லை. பனி விழுந்தால் உண்ணி அடங்கும், நோயுற்ற முயல்களும் பிழைப்பது கடினம். இலையுதிர் காலத் தொடக்கத்தில் தோலுக்கடியில் நெளியும் ஈப்புழுக்களும் அதற்குள் முயலை விட்டுப் போயிருக்கும். ஆனால் நோய் அதிகமாக இருந்த அந்தப் பழைய நாட்களில் குளிர்காலத்திலும் நோயாளிகள் குவிந்தார்கள், வேட்டையாடி முயல் உரித்தவர்கள்தான் அவர்கள். பனி ஆபத்தைக் குறைக்கும், கையுறைக்குப் பதிலாகாது. உறைநிலைப் பெட்டியும் இந்தப் பாக்டீரியாவைக் கொல்லாது. மைனஸ் 15 டிகிரியில் முயல் கறிக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறது.

அதைக் கொல்வது அடுப்பு. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். இந்த விஷயத்தில் நம் சமையலுக்கு ஒரு அனுகூலம். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்கும். நம் முயல் குழம்பில் பாக்டீரியா பிழைக்க வழியில்லை. ஆகவே நமக்கு ஆபத்து தட்டில் இல்லை, அறுக்கும் பலகையிலும் கத்தியிலும் கையிலும்தான். முயல் அறுத்த பலகையிலேயே வெங்காயம் நறுக்கித் தயிர்ப் பச்சடி போட்டால் குக்கர் வந்து காப்பாற்றாது.

சதைக்குள் சிக்கிய ரவை

சிறு வேட்டைக்குப் பெரும்பாலும் ரவைத் துப்பாக்கி. ஒரு தோட்டாவில் நூற்றுக்கு மேல் சின்னக் குண்டுகள் இருக்கும், அவற்றில் சில கறிக்குள்ளேயே தங்கிவிடும். தேட வேண்டிய இடம் எது என்று கறியே சொல்லும். உரித்த ஃபெசன்ட்டின் வெளுத்த நெஞ்சில் கருநீலமாக ஒரு புள்ளி இருந்தால் அதுதான் வாசல். அங்கே கத்தி முனையால் திறந்தால், குண்டு போகிற போக்கில் இழுத்துச் சென்ற சின்ன இறகுக் கற்றை திரி மாதிரி உள்ளே போயிருக்கும். திரியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் பல நேரம் முனையில் குண்டும் சேர்ந்து வரும். முயலில் இறகுக்குப் பதில் ரோமம். அழுக்கு சதையின் ஆழத்துக்குப் போவது இந்த வழியாகத்தான், எனவே குண்டு கிடைக்காவிட்டாலும் அந்தக் கன்றிய சதையை வெட்டி எறிந்துவிடுவது நல்லது.

குண்டு ஈயமா எஃகா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஈயம் நஞ்சு, மென்மையானது, எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறும். டென்மார்க் 1996இலேயே ஈய ரவையைத் தடை செய்தது. அமெரிக்கா வாத்து போன்ற நீர்ப்பறவை வேட்டையில் மட்டும் 1991இல் நாடு முழுவதும் தடுத்தது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. எஃகு நஞ்சில்லை, ஆனால் கடித்தால் பல் போகும். எஃகைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கலாம், ஈயத்தை முடியாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஈயத்தால் அடித்த கறியைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பெட்டியில் வைப்பதும் மிச்சமும்

குளிர்சாதனப் பெட்டியில் பச்சைக் கறி இரண்டு நாள். அதற்கு மேல் என்றால் காற்றுப் புகாமல் சுற்றி உறைய வையுங்கள். காட்டு முயலில் கொழுப்பு மிகக் குறைவு, காற்று பட்டால் ஓரம் காய்ந்து வெளுத்து அட்டையாகிவிடும்.

முயல் இளசா முற்றலா என்று தெரிய காதைக் கிழித்துப் பாருங்கள். சுலபமாகக் கிழிந்தால் இளசு, வறுவலுக்கு ஆகும். மல்லுக்கட்டினால் குழம்புக்கு.

குடலை எடுக்கும்போது அதன் மேல் பட்டாணி அளவில் தெளிந்த நீர்க்குமிழ்கள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். நாய் நாடாப்புழு ஒன்றின் இளம் பருவம் அது. நமக்கு அது தொற்றுவதில்லை, குடலோடு போய்விடுவதால் கறிக்கும் கேடில்லை. ஆனால் கூட வந்த நாய்க்கு அந்தக் குடலைப் பச்சையாக வீசினால் புழு நாயின் வயிற்றில் வளரும், அதன் முட்டை புல்வெளிக்கு வரும், அடுத்த முயல் அதைத் தின்னும். குடலைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, நாய்க்கு வேகவைத்த இதயத்தையும் ஈரலையும் கொடுங்கள்.